ஒற்றைக் கையெழுத்து

தண்ணீர் லாரி ஓட்டுகிறவளைத்தான் அரசாங்கம் அந்த மலைச்சனத்துக்குத் தலைவி என்று அங்கீகரித்திருந்தது. முன்பு தலைவராக இருந்த அவள் அப்பா செத்த வருஷம், எழுதிக்கொள்ள ஒரு பெயராவது வேண்டும் என்று நலத்துறை அதிகாரி நச்சரித்தார். தொல்லை விட்டால் போதும் என்று ஊர்க்கூட்டம் அவள் பெயரைச் சொன்னது. கூட்டத்தைக் கூப்பிடுவதும், கூட்டம் எடுத்த முடிவை வெளியாட்களிடம் சொல்வதும்தான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் லாரிக்காரிதான். யாராவது ‘தலைவி’ என்றால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளைக் கல் வெட்டும் கம்பெனிக்காரர்கள் மாடி அறையில் உட்காரவைத்து ஒப்பந்தத்தை நீட்டினார்கள். மலை முழுவதும் முப்பது வருஷக் குத்தகை. விரலில் டீசல் வாடை போகாததால் அவள் காகிதத்தைத் தொடாமல், சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னாள். லாரியைக் கடனில் எடுத்தபோது அந்தப் பக்கத்தில்தான் ஏமாந்திருந்தாள்.

கம்பெனி வக்கீல் மரியாதையான மனுஷர். நிதானமாகப் படித்தார். பழங்குடி அதிகார அமைப்பு என்றால் அரசு அங்கீகரித்த தலைவர் என்று பொருள். அவர் சம்மதம் அனைவரின் சம்மதம்.

“இந்த வரியை மாத்துங்க,” என்றாள். “அதிகாரம் கூட்டத்துக்கு. நான் வெறும் வாய்தான்.”

“சட்டப்படி நீங்கதாம்மா எல்லாம். நீங்க ஒருத்தர் போட்டா உங்க சனமே போட்ட மாதிரி.”

“அதாங்க பயமா இருக்கு. நான் ஒருத்தி புத்தி கெட்டுப்போனா அத்தனை பேரும்ல அனுபவிக்கணும்?”

பக்கத்தில் இருந்த நலத்துறை அதிகாரிக்கு முகம் சிவந்தது. அங்கீகாரம் கொடுக்கத் தெரிந்தவனுக்கு எடுக்கவும் தெரியும் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அவர் எடுத்தே விட்டார். அடுத்து அவர் கண்ணில் பட்டவன் அவளுடைய தம்பி. கம்பெனிப் பட்டறையில் தினக்கூலிக்கு வெல்டிங் செய்பவன். தலைவன் என்று ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம் என்று ஆசை காட்டியிருந்தார்கள். அவன் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்று, வீம்பு சோறு போடாது என்றான். ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் படும் பாடு அவளுக்குத் தெரியாததில்லை.

“கல்லு எடுக்கட்டும்னு கூட்டத்துல வந்து பேசுடா, வேணாம்னு சொல்லல,” என்றாள். “கூட்டத்துக்குப் பதிலா நீ பேசாத.”

அவன் நேரே கம்பெனிக்குப் போனான். போய்க் கையெழுத்துப் போட்டான்.

கம்பெனி இயந்திரங்கள் மலைப்பாதைக்கு வந்த அன்று லாரிக்காரி தன் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெண்கள் டயரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் வந்து, வண்டி ரிப்பேரா என்று தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

“ரிப்பேர் இல்லீங்க. நான்தான் நிறுத்தியிருக்கேன்.”

அவள் மேல் வழக்கு விழுந்தது. சனமும் கூடிப் பேசி, ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு பெண் வக்கீலை வைத்து வழக்குப் போட்டது. இரண்டும் ஒரே நீதிபதியிடம் போய்ச் சேர்ந்தன. அரசு அங்கீகரித்தவர் கையெழுத்திட்டார், அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்றது கம்பெனி. இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அந்த அர்த்தத்தைக் கொண்டு மூன்றாவது ஆளின் வீட்டை விற்க முடியுமா என்று இவர்கள் வக்கீல் கேட்டாள்.

நீதிபதி தம்பியைக் கூண்டில் ஏற்றித் தானே கேட்டார்.

“உங்க வழக்கப்படி மலையை யாருக்குக் குடுக்கிறதுன்னு முடிவு பண்றது யாரு?”

தம்பி கம்பெனி வக்கீலைப் பார்த்தான். அக்கா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

“கூட்டம்தாங்க ஐயா.”

“கூட்டத்தைக் கேட்டீங்களா?”

“கேட்டா மாட்டேன்னுருப்பாங்க.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சட்டம் மதிப்பது அந்த மக்களின் வழக்கம் யாருக்கு அதிகாரம் தருகிறதோ அவர்களை. அரசின் அங்கீகாரம் யாரிடம் பேச்சைத் தொடங்குவது என்று காட்டுமே தவிர, யாரிடம் முடிப்பது என்று சொல்லாது. ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பாதையை மறித்ததற்கு லாரிக்காரிக்கு அபராதமும் போட்டார். முகம் கோணாமல் கட்டினாள். தம்பியைக் கம்பெனி மறுநாளே வீட்டுக்கு அனுப்பியது. நலத்துறை ஏட்டில் தலைவி என்று மறுபடி அவள் பெயரே ஏறியது.

அதோடு முடியவில்லை. அவள் மாற்றச் சொன்ன அந்த ஒரு வரியை மாற்றிக்கொண்டு கம்பெனி வக்கீல் கூட்டத்துக்கே வந்து சேர்ந்தார். ஒரு கல்லைக்கூடத் தரக்கூடாது என்று அவள் தொண்டை கட்டும்வரை பேசினாள். தம்பியும் எழுந்தான். தான் செய்தது தப்பு, ஆனால் பசி பொய்யில்லை என்றான். எத்தனை வீட்டில் பிள்ளைகள் வேலை தேடி ஊர் ஊராக அலைகிறார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னான். பேச்சு மாறி மாறிப் போய்க் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. ஊற்று இருக்கும் மேல்மலையை என்றைக்கும் தருவதில்லை. கீழ்ச்சரிவை மட்டும் ஐந்து வருஷத்துக்குத் தரலாம், வேலை நம் ஆட்களுக்கே.

லாரிக்காரிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. சனத்தின் பெண் வக்கீலுக்கும் பிடிக்கவில்லை. லாரிக்காரியைத் தனியே அழைத்து, தலைவி மறுக்கிறாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றாள்.

“அந்த ஒருத்தி வார்த்தை செல்லாதுன்னுதானம்மா இம்புட்டு நாள் சண்டை போட்டோம்,” என்றாள் லாரிக்காரி. “எனக்குப் பிடிக்கலைன்னா மட்டும் செல்லுமா?”

கூட்டத்தின் முன்னால் போய் நின்று, முடிவை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கம்பெனிக்காரர்களிடம் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை.

கம்பெனி வக்கீல் நிம்மதியாகப் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். கடைசித் தாளில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு இருந்தது.

“இது பத்தாதுங்க. இன்னும் காகிதம் குடுங்க,” என்றாள்.

எல்லோரும் போடுவதென்றால் பொழுது சாய்ந்துவிடுமே என்றார் அவர். சாயட்டும் என்றது கூட்டம். வரிசை கட்டி நின்றார்கள். கைரேகை வைப்பவர்களுக்கு மை தேடி ஒருவன் ஓடினான். தலைவி முன்னால் வரட்டும் என்று வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் வரிசை நடுவில், தம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் முறை வரும் என்று கையைக் காட்டினாள்.