மீதி முகம்

நன்னிலம் கடைத்தெரு சலூனில் வைரக்கண்ணுவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் சோப்பு போட்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆள் உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தவர், கண்ணாடியில் தெரிந்த வைரக்கண்ணுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடைக்காரரை வாசலுக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். கடைக்காரர் திரும்பி வந்து கத்தியை மடக்கினார். துண்டை உருவினார்.

“எந்திரிப்பா.”

“இன்னும் ஒரு பக்கம் இருக்குங்க.”

“எந்தத் தெருன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும் நீ. நாளைக்கு எனக்கும் ஆளு வரணும்ல.”

வைரக்கண்ணு நுரையைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லாரும் சமம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். சலூன் நாற்காலிவரைக்கும் அது வந்து சேரவில்லை. வாய்க்கால் கரையோடு ஊர் வந்து சேரும்வரை எதிரே வந்தவர்கள் எல்லாரும் அவனுடைய வலது கன்னத்தைப் பார்த்தார்கள், பிறகு இடது கன்னத்தைப் பார்த்தார்கள்.

தெருமுனையில் அய்யாவு நின்றிருந்தான். விவசாயக் கூலிகள் சங்கத்தில் இவனுக்குக் கூட்டாளி, மச்சான் முறை வேறு.

“என்ன மச்சான், பாதி அறுப்புல மழ வந்துருச்சா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வைரக்கண்ணு நடந்ததைச் சொன்னான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் காளியம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். “பொட்டியில பிளேடு கெடக்கு. மீதியையும் வழிச்சுப் போட்டுட்டு வந்து சாப்புடு.”

“வேணாம்.”

“பின்ன இந்த மூஞ்சியோடதான் திங்கக்கெழம தாசில்தார் ஆபீசுக்குப் போவியா?”

“போவமாட்டேன். சவரக்கத்தி வாங்கி நானே செரைச்சுக்கிட்டுப் போவேன்.”

சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கும் பேச்சுவார்த்தை அது. மிராசுதார்கள் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். சங்கத்துக்காகப் பேச வைரக்கண்ணுவைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பாதி முகத்தோடு போனால் அவன் வாயைத் திறப்பதற்குள் அந்த அறை சிரித்து முடித்துவிடும். பிளேடால் மழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பிளேடு நாலைந்து முகத்துக்கு மேல் தாங்காது. கத்தி ஒன்று இருந்தால் தெரு முழுக்கத் தாங்கும். இனி இந்தத் தெருவில் யாரும் பாதியில் எழுந்து வரக்கூடாது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் தலையில் சுற்றிய துண்டைத் தாடைவரை இறக்கிக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினான். பினாங்கிலிருந்து வரும் சாமான்களை விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. புருஷன் இறந்த பிறகு கமருன்னிஸா அதை நடத்திவந்தாள்.

“வாங்கண்ணே, என்ன வேணும்?”

“சவரக்கத்திம்மா.”

தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து முன்னால் வைத்தாள். கிளிஞ்சல்போல மினுங்கும் பிடி போட்ட கத்தியை அவன் சட்டென்று எடுத்தான். அவள் சிரித்துவிட்டாள்.

“அத வச்சுக்கிட்டு போட்டோ புடிக்கலாம். வெட்டுற வாயப் பாருங்க, கறுப்புக் கறுப்பாத் துரு அரிச்சிருக்கு. என்ன தீட்டுனாலும் அந்த எடம் உதுந்துதான் போவும்.”

கறுப்புக் கொம்புப் பிடி போட்ட இன்னொன்றை விரித்துக் கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்தாள். பக்கத்திலேயே மினுங்கும் பிடிக்காரனையும் வைத்தாள்.

“இதுல முதுகும் வாயும் சேந்தாப்புல கண்ணாடியில ஒட்டிக் கெடக்கு பாருங்க. அதுல நடுவுல வெளிச்சம் பூந்து வருது. கோணக் கத்தி. எங்க ஊட்டுக்காரரு இப்புடித்தான் பாத்து வாங்குவாங்க.”

“வாய் மழுங்கினாப்புல இருக்கேம்மா?”

“மழுங்கிதான் கெடக்கு. தீட்டிக்கிடணும். தீட்டுற வெவரம் எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டேன்.”

“அது நான் பாத்துக்கறேன். அரிவா தீட்டாத கையா?”

அந்த வார்த்தைதான் அவனைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்ததும் செங்கல் பொடி தூவிய தீட்டுப் பலகையை எடுத்தான். அறுப்புக்கு அரிவாள் தீட்டுவதுபோலவே கத்தியைச் சாய்த்துப் பிடித்து, வாயை முன்னால் தள்ளிச் சரட்டுச் சரட்டென்று தேய்த்தான். கட்டைவிரலை வைத்துப் பார்த்தபோது தோலைப் பிடித்து இழுத்தது. அரிவாளுக்கு அதுதான் பதம். திருப்தியோடு சோப்பைப் போட்டுக் கன்னத்தில் வைத்தான்.

முடி அறுபடவில்லை, வேரோடு வந்தது. காதுக்குக் கீழே ரத்தம் கோடாக இறங்கியது.

“இதுக்கு அரிவாளாலயே செரைச்சிருக்கலாம்,” என்றாள் காளியம்மாள். மஞ்சள் பொடியை எடுத்து வந்து காயத்தில் அப்பிவிட்டாள். “வேணாய்யா. விட்டுரு.”

“கத்தி மேல தப்பு இல்ல.”

அடுத்த இரண்டு நாளும் வேலை முடிந்து வந்து அரிவாளை ஒரு தொடைமேலும் கத்தியை ஒரு தொடைமேலும் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பற்கள் இருந்தன. அரிவாளுக்கு அந்தப் பல் வேண்டும். நெல் தாளை இடக்கை இறுகப் பிடித்திருக்கும், பல் அதைக் கடித்து இழுக்கும். முடியை யார் பிடித்துக்கொடுப்பது? அது வளைந்து கொடுக்கும், பல் அதைப் பிடுங்கும். அப்படியானால் இங்கே பல்லே இருக்கக்கூடாது.

சங்கக் கொட்டகைக்குப் பின்னால் வழவழவென்று ஒரு கடப்பைக் கல் துண்டு கிடந்தது. அதைக் கழுவித் தண்ணீர் விட்டு, கமருன்னிஸா கண்ணாடியில் வைத்தமாதிரியே கத்தியைப் படுக்கவைத்தான். முதுகும் வாயும் ஒன்றாகப் படிந்தன. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அரிவாளுக்குச் சாய்மானம் கொடுப்பது கை. இதற்கு முதுகே சாய்மானம் கொடுக்கிறது. கை செய்ய வேண்டியதெல்லாம் அழுத்தாமல் அடங்கிப் போவதுதான். அடங்கிப் போ என்று ஊர் அவனிடம் சொன்னபோதெல்லாம் அவன் கேட்டதில்லை. ஒரு கத்திக்காகக் கேட்டான்.

கல்லுக்குப் பிறகு தோல். பழைய நுகத்தடி வாரைத் தூணில் கட்டி இழுத்துப் பிடித்துத் தேய்த்தான். முதல் இழுப்பிலேயே கத்தி தோலைக் கடித்தது. நின்றான். வாய் முன்னால் போகிறவரைக்கும் அது எதையாவது கடிக்கத்தான் செய்யும். முதுகை முன்னால் விட்டு வாயைப் பின்னால் வரச் செய்தான். கத்தி சத்தமில்லாமல் வழுக்கிப் போனது.

முகத்தில் உடனே வைக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கெண்டைக்காலில் ஓட்டிப் பார்த்தான். புல்லுக்கட்டோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள்.

“ஏண்ணே, தாசில்தாருகிட்ட காலயா காட்டப் போறீங்க?”

“அவரு கால்ல விழச் சொன்னா, பதிலுக்கு என் கால நீட்டலாம்னு பாக்கறேன்.”

கரை முழுக்கச் சிரிப்பு. காலில் கீறல் இல்லாமல் ஓட்டப் பழகுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் காளியம்மாள் வெந்நீர் வைத்துக்கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, இடக்கையால் காதோரத் தோலை இழுத்துப் பிடித்தான். கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து இறக்கினான். பச்சை நெல்லில் காற்று போவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. காளியம்மாள் மூச்சு விடவில்லை. அவனும் விடவில்லை. வலது கன்னம் முடிந்தது. இதற்குள் முளைத்திருந்த இடது கன்னமும் முடிந்தது. மோவாய்க்குழியில் மட்டும் கை அவசரப்பட்டது. ஒரு சொட்டு ரத்தம்.

“போதும்யா. நல்லா இருக்கு.” அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

வாசலில் அய்யாவு தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். “எனக்கும் எடுத்துவிடேன் மச்சான்.”

“இன்னிக்கு என் மூஞ்சிதான் எனக்குத் தெரியும். ஒன் மூஞ்சிய நாளைக்குப் படிக்கறேன்.”

தாலுகா ஆபீசில் மிராசுதார் சாரங்கபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாதிச் சவரக் கதை நன்னிலம் முழுக்கத் தெரிந்திருந்தது.

“என்ன வைரக்கண்ணு, யாரு துணிஞ்சு முடிச்சுவுட்டது? எந்தக் கடை?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்புக்குத் தயாரானார்கள். வைரக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மோவாய்க் காயத்தைத் துடைக்கவில்லை. தாசில்தாரே நிமிர்ந்து பார்த்தார்.

“நானேதாங்க. மூஞ்சி முடிஞ்சுது. கூலியப் பேசுவோம்.”