ஐந்தாவது யூனிட்

பாடத்திட்டக் குழு பத்தரை மணிக்குக் கூடியது. ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்பின் நான்கு ஆண்டுப் பாடங்களையும் மாற்றி எழுதும் கூட்டம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு மாற்றம். கழிவுநீர்த் தொட்டிகளின் விஷவாயு பற்றிய பகுதி ஏழாம் செமஸ்டரில் ஐந்தாவது யூனிட்டாக இருக்கிறது. அதை நான்காம் செமஸ்டரின் முதல் யூனிட்டாக்க வேண்டும். அந்த செமஸ்டர் முடிந்ததும்தான் மாணவர்கள் சாயப்பட்டறைகளுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

பேச வாய் வருமா என்று தெரியவில்லை. மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது யூனிட்டை யாரும் படிப்பதில்லை. சாய்ஸில் விட்டாலும் பாஸாகிவிடலாம். இப்போது நான் பாடம் நடத்தும் இதே கல்லூரியில்தான் ஆஷாவும் நானும் ஒன்றாகப் படித்தோம். அவள் அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது, "அதை விடு, நேரமில்லை" என்று சொன்னவன் நான். பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். அவள் ஒரு சாயப்பட்டறையில் லேப் பொறுப்பாளரானாள். சென்ற ஆடியில் அங்கே தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்கிவிட இவள் இறங்கினாள். இருவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

"சீக்கிரம் முடிச்சுப்போட்டு சாப்பிடப் போலாமுங்க. பள்ளிபாளையம் சிக்கன் சொல்லீருக்குது" என்றார் துறைத் தலைவர் அப்புசாமி.

எனக்கு வேண்டிய மாற்றத்தைச் சொன்னேன்.

"அதுதான் ஏழாவதுல இருக்குதுங்களே ராபின்? இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

தொழில்துறை உறுப்பினராக வந்திருந்த சாரதாமணி சிரித்தார். இங்கே படித்தவர், வீரபாண்டியில் சொந்தமாகச் சாயப்பட்டறை நடத்துகிறார். "ஏனுங்க சார், இப்பவே பயமுறுத்தி அனுப்புனா எங்க பக்கம் எவன் வேலைக்கு வருவான்? எல்லாம் ஐடிக்கு ஓடிருவானுங்க."

ஆஷாவின் பெயரைச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார்கள். இரக்கப்பட்டு. அடுத்த கூட்டத்தில் யாராவது பழையபடி மாற்றிவிடுவார்கள்.

"நீங்க அதப் படிச்சீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நானா? சாய்ஸ்ல உட்டுட்டனுங்க."

"நானும்."

அப்புசாமி கண்ணாடியைக் கழற்றினார். "நெசத்தச் சொன்னா, நான் நடத்துனதே இல்லீங்க. செமஸ்டர் கடைசில எங்க நேரமிருக்குது?"

சாரதாமணி என் பக்கம் திரும்பினார்.

"உள்ள ஒருத்தன் உழுந்துட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டார் சாரதாமணி.

"வெளிய நிக்கிறவங்க இறங்கக் கூடாது மேடம். ஃபயர் சர்வீஸக் கூப்பிடணும். வாயு இருக்கான்னு சோதிக்காம முதல் ஆளே இறங்கியிருக்கக் கூடாது."

சாரதாமணி போனை எடுத்தார். "திங்கக்கெழம உங்க பசங்க வர்றாங்கன்னு இன்னிக்கு டேங்க் கழுவச் சொல்லீருக்கறனுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அன்று ஆஷாவின் போனும் இப்படித்தான் அடித்தது.

மூன்றாம் முறை சூப்பர்வைசர் லிங்கசாமி எடுத்தார். சாரதாமணி ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டு பேரு உள்ள இருக்கறாங்கம்மா. நாத்தம் சாஸ்தின்னானுங்க."

"நீங்க எறங்கீராதீங்க. மேல நின்னு ஏறி வரச் சொல்லுங்க. இப்பவே."

"ஏ, ஊப்பர் ஆவோ! ஜல்தி!" என்று வடக்கிலிருந்து வந்த அந்த ஆட்களை மேலே வரச் சொல்லி அவர் இந்தியில் கத்தினார். பிறகு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.

"ஒருத்தன் வந்துட்டானுங்க."

மோட்டார் சத்தம்.

"ஏனுங்க, இன்னொருத்தன்?" சாரதாமணி போனருகே குனிந்தார்.

"வந்துட்டானுங்க. வாந்தி எடுக்கறானுங்க."

"ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்க." போனைக் குப்புற வைத்தார். "முதல் யூனிட்டுன்னே போட்டுருங்க சார்."

அப்புசாமி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இது அடுத்த வருசம் சேர்றவங்களுக்குத்தானுங்க. திங்கக்கெழம போறவங்களுக்கு?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் குடுங்க சார்" என்றேன்.

இரண்டு மணிக்கு நான்காம் செமஸ்டர் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே ஐம்பத்தெட்டு பேரின் இரைச்சல். முதல் வாக்கியம் தெரியும்: யாராவது விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். கண்முன்னே விழுந்தவரை எப்படி சார் விட்டுவிட்டு நிற்பது என்று ஒருவராவது கேட்பார்கள். அதற்கு ஆஷாவைத்தான் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கங்களை விடச் சொன்னவன் நான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.