எய்யா என்றால் அவள்

கண்ணாடி மேசைமேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கிடக்கிறது அந்த மஞ்சள் சட்டை, ஆறுமாதப் பிள்ளைக்குத் தைத்தது, கழுத்தோரம் மூன்று பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது இருந்த இடத்தில் துணி வட்டமாகப் பிய்ந்து போயிருக்கிறது, ஸ்பெயினில் ஒரு தாய் தன் பிள்ளையின் தொண்டைக்குள் விரலைவிட்டு அதை எடுத்தாளாம், நல்லவேளை பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, காலையிலிருந்து பனியன் கம்பெனி முழுக்க இதே பேச்சு, சட்டையை வாங்கியவர்களின் ஆளாக இனேஸ் என்கிற அம்மாள் விமானம் பிடித்துத் திருப்பூருக்கே வந்துவிட்டாள், முதலாளி ஈஸ்வரமூர்த்தியும் மேனேஜர் தாமோதரனும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் இங்கிலீஷில் பேசினார்கள், அதற்குப் பிறகுதான் செக்கிங் சூப்பர்வைசர் துளசிமணிக்கு ஆள் வந்தது, வாசலிலேயே நிறுத்தித் தாமோதரன் சொல்லிவிட்டார், துளசிமணி, சும்மா நில்லு, அந்தம்மா ஏதாச்சும் கேட்டாத் தலைய ஆட்டு போதும், நான் பாத்துக்கறேன். பத்தொன்பது வருஷமாக இந்த நான் பாத்துக்கறேனைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது, சுவரோரம் நிற்கிறாள், உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இனேஸ் போனை எடுத்து ஊருக்குப் பேசுகிறாள், தன் பாஷையில், சரசரவென்று, ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நடுவே நிமிர்ந்து துளசிமணியைப் பார்த்து எய்யா என்கிறாள், கொஞ்சம் விட்டு மறுபடியும் எய்யா, துளசிமணி காதைத் தீட்டிக்கொள்கிறாள். இனேஸைத் தவிர அந்த அறையில் அந்த வார்த்தை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

எய்யா என்றால் அவள், ஐந்து ஞாயிற்றுக்கிழமை போய்க் கற்ற பாடத்தில் அதுவும் ஒன்று, ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெர்லின் என்கிற பெண் நடத்தும் ஸ்பானிஷ் வகுப்பு, துளசிமணியின் வயதில் பாதிகூட இருக்காது அவளுக்கு, பலகையில் எழுதினாள், யோ நான், தூ நீ, உஸ்தேத் நீங்கள், எல் அவன், எய்யா அவள், எழுதி முடிப்பதற்குள் துளசிமணி கையைத் தூக்கிவிட்டாள், ஏனுங்க டீச்சர், எல்லுன்னா அவனா அவரா, ரெண்டும்தான் அக்கா, அதெப்புடிங்க, வாசக் கூட்டறவருக்கும் முதலாளிக்கும் ஒரே வார்த்தையா, ஒரே வார்த்தைதான், அட, நல்ல ஊராத்தான் இருக்குது போங்க என்று வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தாளே தவிர நாக்கு கேட்டால்தானே, கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிட்டுப் பழகிய கொங்கு நாக்கு, முதல் வகுப்பு முழுக்க யோங்க, எல்லுங்க என்றே வந்தது, ஜெர்லின் டஸ்டரால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள், அக்கா, அந்த ங்கவை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றாள், இன்னொன்றும் சொன்னாள், அந்த ஊரில் வாயைத் திறந்ததற்கெல்லாம் யோ போட மாட்டார்கள், நம்மைப் போலவே விட்டுவிடுவார்கள், நான்தான் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அது வேண்டும். அப்படியொரு இடம் தன் வாழ்க்கையில் எப்போது வந்தது என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை, அவள் புருஷன் கேட்டான், உன்னய என்ன ஸ்பெயினுக்கா கட்டிக் குடுக்கப் போறாங்க, உங்களக் கட்டுனதுக்கு அதே தேவலாமுங்க என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். சொல்லாதது ஒன்று இருந்தது, போன வருஷம் இப்படித்தான் அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், செக்கிங் மேசைப் பக்கம் நின்று அவளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள், சிரித்தார்கள், திட்டினார்களா மெச்சினார்களா இன்றுவரை தெரியாது, மேசையோடு மேசையாகத் தானும் நின்றது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, அவர்கள் பேசுவதெல்லாம் புரிய வேண்டாம், யாரைப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு வீம்புக்காகத்தான் வகுப்புக்குப் போனாள்.

மஞ்சள் சட்டை ஆடி மாதத்து லாட், அதை அவளால் மறக்க முடியுமா, பட்டனைக் கவ்வி இழுத்துப் பார்க்கிற மிஷினில் மாட்டினால் பத்து நொடி தாங்க வேண்டும், நாலு எண்ணுவதற்குள் கழன்று வருகிறது, பத்துச் சட்டைக்கு மூன்று இப்படி, கெட்டுப்போன இடம் ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள், ஒட்டி ஒட்டிச் சுண்டுவிரல் நகத்தில் கோந்து ஏறிவிட்டது, தாமோதரனிடம் போனாள், சார், இது புள்ளைங்க வாய்ல வெக்கிற சமாச்சாரமுங்க, அனுப்பக்கூடாதுங்க, அவர் கப்பல் தேதியைச் சொன்னார், சாயங்காலம் போனாள், கப்பல் தேதி, மறுநாளும் போனாள், அப்போது அவர் திடீரென்று இளகி, ஏம்மா துளசிமணி, நீ லீவே எடுக்கறதில்ல, ரெண்டு நாள் திருமூர்த்தி மலைக்குப் போய்க் குளிச்சுட்டு வா என்றார், கேட்காமல் கொடுத்த லீவு, அவளும் போனாளே, அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாளே, திரும்பி வந்தால் பெட்டி ஒன்றில்லை, அம்புக்குறியெல்லாம் குப்பைக் கூடையில் சிவப்பாகச் சுருண்டு கிடக்கிறது, உரிச்சது நாங்கதானுங்க அக்கா, சார் நின்னு உரிக்கச் சொன்னாருங்க என்று பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், முதலாளி அறை வாசலில் நாலைந்து நாள் நின்று பார்த்தாள், உள்ளே விடவில்லை, தள்ளிக்கொண்டு நுழைந்து கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை, அந்த வெட்கம் இத்தனை மாதமாக உள்ளே கிடந்து அரித்தது. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் எந்த அருவியில் போய்க் கழுவுவது.

இனேஸ் போனை வைத்துவிட்டு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறாள், அந்த லாட்டின் ரிப்போர்ட், எல்லாம் சரி, அனுப்பலாம் என்று போட்டு அடியில் துளசிமணி என்று டைப் அடித்து அதன்மேல் அவள் போடாத ஒரு கையெழுத்து, உஸ்தேத் என்று கேட்கிறாள் இனேஸ், விரலை அதன்மேல் வைத்து, நீங்களா, தாமோதரன் கண்ணைக் காட்டுகிறார், ஆட்டு, தலையை ஆட்டு, ஆட்டினால் என்ன ஆகும், வேலை போகும், போனால் போகட்டும், பிள்ளையின் தொண்டையில் பட்டனைத் திணித்தவள் என்ற பேர் நிற்குமே, அதை எந்தக் கம்பெனியில் போய்க் கழற்றி வைப்பது, சுவரைவிட்டு வந்தாள், மேசைக்கு எதிரில் இருந்த காலி நாற்காலியை இழுத்தாள், உட்கார்ந்தாள், நெஞ்சில் கையை வைத்து, யோ, நோ என்றாள், கையை எடுத்து நேராகத் தாமோதரன் பக்கம் நீட்டி, எல் என்றாள், ங்க வரவில்லை. துளசிமணி, என்ன உளர்ற என்று அவர் எழுந்துவிட்டார், முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, இனேஸுக்கு மட்டும் புரிந்துவிட்டது, மடமடவென்று ஏதோ கேட்டாள், அதற்கு மேல் துளசிமணியிடம் ஸ்பானிஷ் இல்லை, கையை விரித்துக் காட்டினாள், இனேஸ் ரிப்போர்ட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். துளசிமணி போட்டாள், தினம் நூறு லாட் கார்டில் போடுவதைத்தான், க. துளசிமணி, சுழித்த ணியும் அதன் கீழே ஒரு கோடுமாகச் சுத்தமான தமிழில், இனேஸ் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் இங்கிலீஷில் சாய்வாக அழகாக ஒரு கையெழுத்து, பத்தொன்பது வருஷம் கூடவே இருந்த மேனேஜருக்கு இவள் எந்தப் பாஷையில் கையெழுத்துப் போடுகிறாள் என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத இனேஸுக்கு அது தெரிந்துவிட்டது.

மத்தியானம் வராந்தாவில் முதலாளி அவளை நிறுத்தினார், முகம் கறுத்திருந்தது, ஏம்மா, எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமில்ல, வெளியூர்க்காரி முன்னால நம்ம ஆளையே கை காட்டீட்ட, உங்க ரூம் வாசல்ல எத்தன நாள் நின்னனுங்க, உள்ளாற விட்டாத்தானுங்க, அதெல்லாம் சரி, இனி நீ எப்பிடி இங்க வேல பாப்ப, எல்லாரும் என்ன நெனப்பாங்க, நாலு நாள் வீட்ல இரு, நானே கூப்பிடறேன். அந்தக் கூப்பிடறேன் என்னவென்று அவளுக்குத் தெரியாதா, திருமூர்த்தி மலை லீவின் பங்காளிதான் அது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், செக்கிங் கூடத்தில் நாற்பது பெண்களும் கையில் எடுத்த சட்டையை வைக்காமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், குரலை உயர்த்தாமல்தான் பேசினாள், அதுவும் மரியாதையாகத்தான், லீவு வேண்டாமுங்க, நாளைக்கு எட்டரைக்கு வந்துருவனுங்க, நான் வரக்கூடாதுன்னா ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, கையெழுத்து மட்டும் உங்களுதா இருக்கோணுமுங்க.