ஸென் காட்டில் இருந்த நாட்கள்

அத்தி மரத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை முடிச்சுப் போட்டுவிட்டு மியென் ஏதோ முணுமுணுத்தாள். துணி கட்டினால் மட்டும் போதாது. வீட்டுக்காரர் போய்விட்டார், நீயும் துக்கம் கட்டிக்கொள் என்று மரத்திடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரமும் அவர் பின்னாலேயே போய்விடும்.

"வாய்விட்டுச் சொல்லுடி," என்றாள் அம்மா, சமையலறை ஜன்னலிலிருந்து. "நீ முணுமுணுத்தா மரத்துக்கு எப்படிக் கேக்கும்?"

"அப்பா நேத்து போயிட்டாரு," என்றாள் மியென். இலைகளிலிருந்து காலை மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருபத்தோரு மரங்கள். அத்தி, நாவல், பலா, மலையிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த சில. எதுவும் பழத்துக்காக நட்டதல்ல. அவள் அப்பா லுவன் இருபத்திரண்டு வருடம் ஊர் விலங்குக் காட்சிசாலையில் செங்கால் குரங்குகளுக்கு இலை வெட்டியவர். அந்தக் குரங்குகளின் வயிற்றில் இலை புளித்துத்தான் உணவாகும். இனிப்புப் பழம் போனால் வாயு பொங்கி வயிறு உப்பிவிடும். மியென் இதைக் கல்லூரியில் படித்தாள். அப்பா யாரிடமும் படிக்கவில்லை. வெயில் ஏறுமுன் வெட்டி, ஈரத்தை உதறி, ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் கூண்டுக்குக் கொண்டுபோவார்.

"எனக்கு ஒருநாள் கீரை ஆஞ்சு குடுத்ததில்ல இந்த மனுஷன்," என்று அம்மா சொல்வாள்.

"நீ எதைக் குடுத்தாலும் தின்னுவே. அதுங்க அப்படியா?" என்பார் அவர்.

பலா மரத்தடிக்கு வந்தபோது தோவான் சித்தப்பா வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவோடு பதினைந்து வருடம் கூண்டு கழுவியவர். சீருடையோடேயே தலையில் வெள்ளை கட்டியிருந்தார். கிழிபடும் துணியைப் பார்த்தபடி, "எனக்கு ஒரு துண்டு குடு," என்றார். "நம்ம குரங்கு ஸென்னோட கூண்டுல கட்டணும். அண்ணன் சொல்லியிருக்காரு."

"அது காலியாத்தானே கிடக்கு?"

"காலிதான். அதுலதான் கட்டச் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"பஸ்ஸுல வரும்போது."

சொல்லிவிட்டு அவர் மரத்தைப் பார்த்தார். அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு மாதம். அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே போனது ஒரே ஒரு முறை. அன்றைக்கு மியெனின் மோட்டார் சைக்கிளில்.

"எந்த பஸ், சித்தப்பா?"

அவர் துணியின் முனையை விரலில் சுற்ற ஆரம்பித்தார். மியெனின் கையில் துணி நனைந்துகொண்டிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன், அவளும் வேலை பார்க்கும் காட்சிசாலையின் இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல், விருந்தாளிகளுக்காகச் சின்ன மிருகக்காட்சிசாலை தொடங்குகிறது. செங்கால் குரங்கு ஒன்று வேண்டும், பெண்ணாக. ஸென் போகட்டும் என்று முடிவாகிவிட்டது. "மயக்க ஊசி போட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்க அப்பா கூப்பிட்டா மட்டும்தான் பெட்டிக்குள்ள வரும்," என்றார். பிறகு அவளுடைய தற்காலிக வேலையைப் பற்றி, அது நாலு வருடமாக அப்படியே இருப்பதைப் பற்றி, தானாகவே பேசினார்.

ஸென் கண்ணியில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் போன நிலையில் வந்தது. அப்பாவைத் தவிர யார் கையிலும் இலை வாங்காது. மலையடியில் கம்பிவேலி போட்டு, அதற்குள் பழக்கி, ஒருநாள் காட்டில் விட்டுவிடுவார்கள் என்று ஒன்பது வருடமாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வேலி வந்துவிட்டது என்று மியென் அப்பாவிடம் சொன்னாள்.

அவர் நோயில் வீங்கிய வயிற்றோடு அவள் வண்டியில் காட்சிசாலைக்கு வந்தார். பெட்டிக்குள் அத்திக் கொழுந்தை வைத்துவிட்டு நாக்கால் ஒரு சத்தம் செய்தார். ஸென் இறங்கி வந்தது, அவர் முகத்தைப் பார்த்தது, உள்ளே போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் அவர் மியெனின் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முன்னாடி அவ வீட்டுக்குப் போயிட்டா பாரு," என்றார்.

மியென் பெட்டியோடு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். எந்த இலை, எவ்வளவு, எந்த நேரம். பழம் கூடவே கூடாது என்று அடிக்கோடிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்று சொல்லியிருந்தார். அதற்குள் அவருக்கு உண்மை தெரிய வழியில்லை என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், அவள் வண்டியை நிறுத்தும்போதே கேட்பார். "என்னவாம்?"

"நாவல் இலை தின்னுச்சாம்." "உச்சிக் கிளைல தூங்குச்சாம்." "கீழ இறங்கவே மாட்டேங்குதாம்." அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நாள், "அந்தப் பக்கம் நாவல் கம்மியாச்சே," என்று இழுப்பார். அவள் மரத்தை மாற்றிச் சொல்வாள்.

"நீ பயிற்சின்னு ஹுவே ஊருக்குப் போயிருந்தியே, மூணு வாரம் முன்னாடி, ரெண்டு நாள்," என்றார் தோவான் சித்தப்பா ஒருவழியாக. "நம்ம லாரி டிரைவர் வந்து அண்ணன்கிட்ட உளறிட்டான். பெட்டிய கடற்கரைல எறக்கினேன்னு. மறுநாளே பஸ்ஸுல போனோம். அண்ணி கூட வந்தாங்க. வழியெல்லாம் அண்ணனுக்கு வாந்தி. மடியில ஒரு கட்டு அத்தி இலை வேற."

"பாத்தாரா?"

"கண்ணாடிக் கூண்டு. வெளியில நீ எழுதின காகிதத்தை அழகா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கான். அதுக்குக் கீழயே ஒரு பொம்பள வாழப்பழம் வித்துட்டு இருக்கா. ஸென்னுக்கு வயிறு இப்படி இருந்துச்சு." அவர் கைகளை விரித்துக் காட்டினார். "அண்ணன் சத்தம் குடுத்தாரு. அது திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டு, முதுகைக் காட்டி உக்காந்துடுச்சு. ரெண்டு மணி நேரம் நின்னாரு, மியென். திரும்பவே இல்ல."

மியென் துணியைக் கிழித்து அவரிடம் ஒரு துண்டைக் கொடுத்தாள். போன வாரம், சொல்வதற்கு ஒன்றும் தோன்றாமல், ஸென்னுக்கு வயிறு பெரிதாகியிருக்கிறது, சினையாக இருக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

"அப்படியா?" என்றார் அவர். பிறகு, "எத்தனை மாசம் ஆகும் அதுங்களுக்கு?"

"ஆறு, ஏழு மாசம்பா."

"ம்," என்றார்.

அதற்குப் பின் இரண்டு நாள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். கல்லீரல் வலிக்கு அப்படிப் படுத்தால் சுகமாக இருக்கும் என்று மியென் செவிலியிடம் விளக்கினாள்.

சமையலறையில் அம்மா பெரிய பாத்திரத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முன் அறையில் சாவுக்கு வாசிக்க வந்த குழல்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு டீ குடித்தார்கள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அம்மா எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னாரு."

"நான் தினம் வந்து கதை விட்டுட்டு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டு இருந்தீங்க."

"நீ வர்ற நேரத்துக்குத் தூக்கி உக்கார வைக்கச் சொல்வாரு. வலி ஊசிகூட நீ பேசி முடிச்சப்புறம்தான். ஊசி போட்டா தூங்கிடுவாராம்."

"கோபமா இருந்தாரா?"

அம்மா களைந்த நீரைச் சாய்த்து ஊற்றினாள். இன்னொரு முறை நீர் பிடித்தாள். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு," என்றாள்.

மியென் தேநீர்க் கெண்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் அவர் அவளைப் பேச விட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை, போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அறைந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல், தெரிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இங்க பாரு," என்றாள் அம்மா. "தெருவுல எல்லார்கிட்டயும் அது காட்டுல இருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்காரு. நீ சொன்ன சொல்லு மாறாம சொன்னாரு. யாராவது கேட்டா அப்படியே சொல்லு. அவரைப் பொய்யன் ஆக்கிடாத."

மதியம் இயக்குநர் மலர் வளையத்தோடு வந்தார். ஊதுவத்தி ஏற்றி, சவப்பெட்டிக்கு முன் மூன்று முறை வணங்கினார். அப்பாவின் புகைப்படத்துக்கு முன் கிண்ணத்துச் சோறும் அவித்த முட்டையும் இருந்தன. அம்மாவின் கையைப் பிடித்து, இப்படி ஒரு இலைக்காரர் இனி கிடைக்க மாட்டார் என்றார். மியென் தேநீர் கொடுத்தபோது குரலைத் தாழ்த்தி, "உன் நிரந்தர வேலை ஆர்டர் அடுத்த மாசம் வந்துடும். இப்ப எதையும் யோசிக்காத," என்றார்.

பாயில் பக்கத்துத் தெரு தியெப் பெரியம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அப்பாவின் படுக்கையருகே தினமும் வந்து உட்கார்ந்து வம்பு பேசியவள். மியென் அவள் கோப்பையை நிரப்பக் குனிந்தாள்.

"ஏண்டி மியென், உங்க செங்காலி குட்டி போட்டுடுச்சா?"

"என்ன, பெரியம்மா?"

"உங்கப்பன் சொன்னானே. காட்டுக்குப் போன கையோட வயித்தத் தள்ளிட்டாளாமே. சாகப் போற மனுஷனுக்கு என்ன சிரிப்பு! ஆம்பளக் குட்டியா இருந்தா என் பேர வைக்க முடியாது, பொம்பளையா இருந்தா வைன்னு சொல்லியிருந்தேன்." சுற்றி இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். சாவு வீட்டில் அன்று வந்த முதல் சிரிப்பு அது. "நீதானே சேதி கொண்டாந்து குடுப்பே? சொல்லு, கேப்போம்."

பாயில் இருந்த முகங்கள் எல்லாம் அவளைப் பார்த்தன. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவும் பார்த்தாள். இயக்குநர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய், குடிக்காமல் வைத்திருந்தார்.

ஏழு மாதம் என்று சொல்லலாம். அதற்குள் யாருக்கும் நினைவிருக்காது.

"அது காட்டுல இல்ல, பெரியம்மா," என்றாள் மியென். குரல் மரத்திடம் சொன்னதைவிடச் சின்னதாகத்தான் வந்தது. "கடற்கரை ஹோட்டல்ல, கண்ணாடிக் கூண்டுல இருக்கு. சினையும் இல்ல. பழம் தின்னு வயிறு வீங்கியிருக்கு. நான்தான் அப்பாகிட்ட பொய் சொல்லி, அவரை விட்டே அதைப் பெட்டிக்குள்ள அனுப்ப வச்சேன்."

தியெப் பெரியம்மாவின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"அப்பாவுக்குத் தெரியும்," என்றாள் மியென்.

இயக்குநர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்புக் குவியலுக்குள் காலை விட்டுத் துழாவினார். ஒரு ஷூ உடனே கிடைத்தது. மற்றதைத் தேடி, ஒரு காலில் நின்றபடி அங்குமிங்கும் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. குழல்காரர்களில் ஒருவர் வாசிக்கலாமா என்பது போல் அம்மாவைப் பார்த்தார். அம்மா பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியெப் பெரியம்மா வெற்றிலை எச்சிலை டப்பாவில் துப்பினாள். பிறகு பாயில் கையூன்றி ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டாள். மியென் சூடான கெண்டியைப் பிடித்தபடி, காலியான அந்த இடத்தின் முன்னால் நின்றாள்.