களை வந்த வீடு

பூட்டுக்காரியின் கொல்லையில் இருந்த காட்டுச் சாமந்தி, திட்டினால் பூத்தது, பாராட்டினால் உதிர்ந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அந்தத் தெரு முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டது. 'சனியனே' என்றால் ஒரு பூ. 'உருப்படாத சனியனே' என்றால் இரண்டு. அதன் பரம்பரையையே இழுத்துப் பேசினால் ஐந்து முதல் ஏழு வரை, வெயிலைப் பொறுத்து. அவள் வீட்டுச் சொத்து வரி நோட்டீஸ் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் வந்த அன்று ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று பூத்ததாக எதிர்க்கடை போட்டோ ஸ்டுடியோக்காரர் சொல்கிறார். எதையும் பெரிதாக்கித் தருவதுதான் அவர் தொழில் என்பதால், முப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுக்காரிக்கு 'அரம்' என்று பட்டப்பெயர். சாவி ராவுகிற தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள். கடை இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டு வரவேண்டிய அளவு. சுவர் முழுக்கப் பல் வெட்டாத சாவிகள், மேஜையில் சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், அதன் கீழே பித்தளைத் தூள். ஒரு வாளி சேர்ந்ததும் அந்தத் தூளைக் கூட்டி அள்ளிக் கொல்லையில் கொட்டுவாள். சாவி தொலைத்துவிட்டு வருகிறவர்களை அவள் சும்மா அனுப்பியதில்லை. "சாவியைத் தொலைச்சீங்களா, புத்தியைத் தொலைச்சீங்களா? சாவின்னா டூப்ளிகேட் போட்டுத் தர்றேன். புத்தின்னா வேற கடை பாருங்க" என்பாள். பல்பு வாங்கப் போன அவள் கணவர் பதினோரு வருடமாகத் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளி, வாயே திறக்காத ஒரு பெண்மணியின் வீட்டில் வெளிச்சமாக இருக்கிறார். கட்டிக்கொடுத்த மகள் மாதம் ஒருமுறை போன் செய்வாள். செய்துவிட்டு, போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். குழாய் ஓடும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். கேட்காதது மாதிரி அரமும் பேசிக்கொண்டிருப்பாள்.

அந்தச் செடி பித்தளைத் தூள் குவியலில் முளைத்தது. நாயுருவிகூட எட்டிப்பார்க்காத மண் அது. ஒரு கோடைக் காலைப்பொழுதில் தூளைக் கொட்டப் போனவள், முழங்கால் உயரத்துக்கு நின்ற செடியையும் அதில் இறுக மூடியிருந்த மொட்டையும் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு முளைச்ச? களை!" என்றாள்.

மொட்டு விரிந்தது. பித்தளை நிறம், நடுவில் பழுப்பு.

"பல்லை வேற காட்டுறியா? உன்னைப் பிடுங்கி எறிய எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது."

இரண்டாவது விரிந்தது. அவள் திரும்பி, மதிலுக்குப் பின்னால் யாராவது விளையாடுகிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவள் பேசியதைக் கேட்டு முகம் மலர்ந்த முதல் ஆள் இதுதான் என்பது புரிவதற்கு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அரைமணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. பிடுங்கவில்லை. "தொலைஞ்சு போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முதுகுக்குப் பின்னால் மூன்றாவது பூத்தது.

அதற்கு என்ன பிடிக்கும் என்று திட்டித் திட்டியே தெரிந்துகொண்டாள். தண்ணீர் வாரம் ஒரு செம்பு. அதற்கு மேல் ஊற்றினால் தண்டு கொழுத்துச் சாயும். எரு கூடாது. வாடிய பூவை உடனே கிள்ளினால் பக்கத்துக் கிளைக்குத் தெம்பு வரும். பருவம் முடிகிறபோது கடைசி வரிசையைக் கிள்ளாமல் சிட்டுக்குருவிக்கு விடவேண்டும். விதையைப் புதைக்கக் கூடாது; கட்டைவிரலால் மண்மேல் ஓர் அழுத்து, அவ்வளவுதான், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் வருகைப்பதிவு எடுப்பதுபோல் "களை!" என்று ஒரு அதட்டல். செடி ஒரு பூவை விரித்து ஆஜர் சொல்லும். ஸ்டுடியோக்காரர் ஒருநாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அடடா, என்ன அழகுக்கா!" என்றார். சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி ஆறு பூவின் இதழ்கள் உதிர்ந்தன. "வாயைக் கழுவிட்டு வாய்யா, கொலைகாரா!" என்று அவள் கத்தியதில் இரண்டு திரும்ப வந்தது.

இந்த நிலையில்தான் நகராட்சிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஊரும் தன் மண்ணில் தானே முளைக்கிற ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவேண்டும். 'மண்ணின் மலர்த் திட்டம்'. காட்டுச் சாமந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை அதே பூவைச் சாலையோரத்தில் பிடுங்கி எறிவதற்கென்றே ஆறு ஆட்களை வைத்திருந்த நகராட்சி அது. அந்த ஆறு பேரையே நடுவதற்கும் போட்டார்கள், அனுபவம் இருக்கிறதாம். பொறுப்பு பூங்கா அதிகாரியிடம் வந்தது. அவரை ஊரே 'ஆமாங்கய்யா' என்றுதான் அழைக்கும். பூங்காக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாலும் ஆமாங்கய்யா, வற்றிவிட்டதா என்று கேட்டாலும் ஆமாங்கய்யா. இருபத்தாறு வருட சர்வீஸில் 'இல்லை' என்ற சொல்லை அவர் லீவு விண்ணப்பத்தில்கூட எழுதியதில்லை.

அரத்திடம் வந்து ஒரு கவர் விதை வாங்கினார். புதைக்காதே, எரு போடாதே, தண்ணீர் கொட்டாதே, புகழாதே என்று அவள் நாலு விரலை மடக்கிச் சொன்னாள். நாலுக்கும் "ஆமாங்கம்மா" என்றார். போய், மூன்று லாரி எரு கொட்டி, விதையை ஆழமாகப் புதைத்து, தினமும் இரண்டு வேளை குழாயில் பீய்ச்சி, 'எங்கள் பெருமை! எங்கள் அழகு!' என்று பலகையும் நட்டார். பாதி முளைக்கவில்லை. முளைத்த மீதி ஆள் உயரத்துக்கு, முதுகெலும்பே இல்லாமல் வளர்ந்து, ஆலோசனைக் கூட்டத்து அதிகாரிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றது. பிறகு பலகையைப் படித்துவிட்டுச் செத்தது.

காரணம் கண்டுபிடிக்கக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியரை அரத்தின் கொல்லைக்கு அனுப்பினார்கள். அவர் லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் குனிந்திருந்தார். "இது ஒரு பூ இல்லம்மா. சுத்தி இருக்கிற ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நடுவுல பொடிப்பொடியா இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு பூ. கிட்டத்தட்ட இருநூறு பேர் ஒரே தலையா உட்கார்ந்திருக்காங்க."

"அப்போ இத்தனை நாளா நான் ஒரு கூட்டத்தையா திட்டிட்டு இருந்தேன்?"

"கூட்டம்தான்."

"ஒருத்தன்கூட எழுந்து போகலையே! நகராட்சிக் கூட்டத்துல இந்த ஒழுங்கு உண்டா?"

பேராசிரியர் அறிக்கை கொடுத்தார்: செடிக்குத் தேவை வெயில், வறண்ட மண், வசவு. அடுத்த வாரம் ஆமாங்கய்யா ஒரு நியமனக் கடிதத்தோடு கடை வாசலில் வந்து நின்றார். "உங்களைத் திட்ட அலுவலரா போட்டிருக்கோம்மா."

"என்னையா? என்னைத் திட்டுறதுக்கு ஒரு அலுவலரா?"

"ஆமாங்கம்மா... அதாவது, நீங்கதாம்மா திட்ட அலுவலர். செடியைத் திட்ட."

அவள் கடிதத்தை வைஸில் வைத்து இறுக்கினாள். "உத்தரவுக்குத் திட்டுற ஆளு நானில்லை. நான் மனசாரத் திட்டுறவ. போய்யா!"

அவர் போனார். நகராட்சி போகவில்லை. இரண்டாவது கடிதம் வந்தது: தாய்ச் செடியையே பெயர்த்து, வரும் வியாழக்கிழமை ஊர் நடு ரவுண்டானாவில் நடுவார்கள். அதற்கு முன் நகராட்சித் தலைவர் அவள் கொல்லைக்கே வந்து செடியைப் பாராட்டிப் பேசுவார். உரை நாலு பக்கம்.

ஒரு 'அடடா'வுக்கு ஆறு பூ போன கணக்கில், நாலு பக்கத்துக்கு வேர் வரை மிஞ்சாது. அதன்பிறகு ரவுண்டானாவுக்குப் போவது சவம்தான். அரம் கடிதத்தை மூன்று முறை படித்தாள். கணவர் அவள் வாய்க்குப் பயந்து போனார், மகள் அவள் வாய்க்குக் குழாயைத் திறந்துவிடுகிறாள். அந்த வாயால் வாழ்ந்த உயிர் உலகத்தில் இது ஒன்றுதான். விட மாட்டேன் என்று கடையைச் சாத்தினாள். பஞ்சத்துக்குச் சேர்த்து வைப்பதுபோல் வசவைச் சேர்த்து வைக்க முடிவு செய்து, திங்கள் காலையிலிருந்து வெயில் இறங்கும் வரை, வாளியின்மேல் உட்கார்ந்து திட்டினாள். செவ்வாயும் திட்டினாள். தெரிந்த வசவு தீர்ந்ததும் புதிதாகச் செய்தாள்: தண்டத்துக்குத் தண்ணி குடிக்கிற முண்டமே, வெயிலுக்குப் பல் இளிக்கிற வெட்கங்கெட்ட மூஞ்சியே, வேர் விட்ட சோம்பேறியே. செடி கிளைக்குக் கிளை வெடித்தது. கொல்லையில் மஞ்சள் வெளிச்சம் அடித்துச் சுவரிலிருந்த பல்லியெல்லாம் தங்கப் பல்லியாயின. புதன் சாயங்காலம் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

வியாழக்கிழமை தலைவர் மைக்கோடு வந்தார். கொல்லை கொள்ளாத கூட்டம். மண்வெட்டியோடு அந்த ஆறு பேர் மதிலோரம் நின்றார்கள். ஆமாங்கய்யா ஒவ்வொரு காற்புள்ளிக்கும் கைதட்டினார். "எழிலின் எல்லையே, இயற்கையின் புன்னகையே" என்று முதல் பக்கம் தொடங்கியது. மழை மாதிரி இதழ் கொட்டியது. கூட்டம் அதைப் பூமாரி என்று நினைத்துக் கைதட்டியது. அரம் வாயைத் திறந்தாள், வெறும் காற்று. கண்ணை உருட்டினாள், முஷ்டியைக் காட்டினாள், பெரிய அரத்தை எடுத்துவந்து வாளியில் அடித்தாள். பேண்டு வாத்தியம் என்று தலைவர் தலையாட்டினார். இரண்டாம் பக்கத்தில் செடி மொட்டையானது. மூன்றாம் பக்கத்தில் இலை பழுத்து, தண்டு சூடு காட்டிய கம்பி மாதிரி வளைந்தது. அவள் ஆமாங்கய்யாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் மூச்சாலேயே சொன்னாள்: "திட்டுய்யா!"

அவர் செடியைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். வாயைத் திறந்து, "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

தலைவர் நாலாம் பக்கத்தைப் புரட்டினார். அந்த உரையை எழுதியவர் மக்கள் தொடர்புப் பிரிவின் தற்காலிக எழுத்தர். நாலாம் பக்கத்துக்கு வருவதற்குள் அவரிடம் புகழ்ச்சி தீர்ந்துபோய் ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது. "இன்று இந்த ஊருக்கே களை வந்துவிட்டது!" என்றார் தலைவர். வளைந்துகொண்டிருந்த தண்டு நின்றது. "தெருவெல்லாம் களை! வீடெல்லாம் களை!" தண்டு நிமிர்ந்தது. முகத்துக்கு வருகிற களையைத்தான் எழுத்தர் எழுதினார் என்பது கொல்லையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ஒரே ஒருவரைத் தவிர. செடிக்குத் தெரிந்தது ஒரே களைதான். பிறந்த அன்று முதல் தினமும் காலையில் கேட்ட களை. இலை பச்சையானது. கணுவுக்குக் கணு மொட்டு முட்டியது. "நமது நகராட்சி அலுவலகத்திலும் இன்று களை!" என்று தலைவர் முழங்க, மதிலோரம் நின்ற ஆறு பேரில் ஒருவன் புரையேறிச் சிரித்தான். கூட்டம் தொற்றிக்கொண்டது. தன் பேச்சுக்கு ஊரே மகிழ்கிறது என்று எண்ணிய தலைவர், தாளைப் பார்க்காமலே தொடர்ந்தார்: "ஏன், என் முகத்தைப் பாருங்கள்! இதுவல்லவா களை!" மொட்டு அத்தனையும் பட்டென்று திறந்தது. ஸ்டுடியோக்காரர் ஐந்நூறு என்கிறார். முந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாத்தியாய்யா, என் பேச்சுக்குச் செடியே தலையாட்டுது!" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா."

"ராசியான இடம்யா இது. எவனும் செடியில கை வைக்கக் கூடாது. வருஷா வருஷம் நானே இங்க வந்து பேசுறேன்."

"ஆமாங்கய்யா."

மண்வெட்டிகள் திரும்பிப் போயின. தலைவர் இன்றும் வருடம் தவறாமல் வந்து பேசுகிறார். உரையின் முதல் மூன்று பக்கங்கள் அன்றே காற்றில் பறந்துவிட்டதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். அவை எப்படி அரத்தின் அடுப்பு வரை பறந்தன என்று யாரும் விசாரிக்கவில்லை.

அவளுக்குக் குரல் வர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலை கொல்லையில் குந்தி, வாடிய பூக்களைக் கிள்ளி, கடைசி வரிசையைக் குருவிக்கு விட்டுவிட்டு, தொண்டையைச் செருமினாள். ஒன்பது நாள் பாக்கியைச் சேர்த்துக் காரமாக ஒன்று சொல்லத்தான் நினைத்தாள். குரல் புதிதல்லவா, பிடி நழுவிவிட்டது.

"நீ வந்தப்புறம்தான் இந்த வீட்டுக்கே களை" என்று வந்தது, மெதுவாக.

சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு, இதழ் உதிரும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். எதுவும் உதிரவில்லை. ஒரு மொட்டு மட்டும், அவசரமே இல்லாமல், விரிந்தது.

"எந்தக் களைன்னு கேக்க மாட்டியா?"

அது கேட்கவில்லை. கடை வாசலில் யாரோ, "அக்கா, பீரோ சாவி தொலைஞ்சு போச்சு" என்று கூப்பிட்டார்கள். "தொலைச்சிட்டு வந்து நில்லுங்க, வேற என்ன தெரியும் உங்களுக்கு!" என்று கத்தியபடியே அவள் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். கொல்லையில் மிச்சமிருந்த இரண்டு மொட்டும் அது தங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டன.