இன்னிக்குப் பாலம்

காலையில் சீருடை மாட்டும்போதே ஏட்டு தன் மச்சானுக்கு ஒரு போன் போட்டுவிடுவார். “இன்னிக்குப் பாலம்”, இல்லாவிட்டால் “இன்னிக்கு வளைவு”. அவ்வளவுதான் பேச்சு. வேகம் அளக்கும் கருவியோடு அவர் எங்கே நிற்கப்போகிறார் என்பது வேன் ஓட்டும் மச்சானுக்குத் தெரிந்துவிடும். அங்கே மட்டும் அடக்கமாகப் போவான். பெண்டாட்டியின் தம்பிக்கே அபராதச் சீட்டு எழுதிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா?

அந்த வளைவில் இந்த வருஷம் மட்டும் ஏழு பேர் போயிருந்தார்கள். ஏழு பேரையும் அள்ளிப் போட்டவர் இதே ஏட்டுதான். அப்படியும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்!

அன்று பாலம். வேன் ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. கருவியில் முப்பத்தைந்து. முன் சீட்டிலிருந்து, கண் டாக்டரிடம் போகும் அவர் மனைவி கையசைத்தாள். மச்சான் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். “நடிக்கிறான் பாரு” என்று ஏட்டு சிரித்தார். பாலத்தைத் தாண்டியதும் வேன் சீறிக்கொண்டு கிளம்பியது.

அப்போதுதான் வயர்லெஸ் கரகரத்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, அந்த வளைவில் மணல் லாரி கவிழ்ந்து சாலையை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம்.

வேனைத் துரத்திப் பிடிக்க வழியில்லை. ஜீப்பை இன்ஸ்பெக்டர் எடுத்துப் போயிருந்தார். ஏட்டு மச்சானின் எண்ணை அழுத்தினார். எடுடா, எடுத்துத் தொலைடா!

எடுத்தது மனைவி. “என்னங்க? தம்பி ஓட்டிட்டிருக்கான்.”

“நிறுத்தச் சொல்லு! வளைவுல லாரி கவுந்து கெடக்கு. உடனே நிறுத்தச் சொல்லுடி!”

“டேய், வண்டிய நிறுத்தணுமாம். வளைவுல லாரி கெடக்காம்.”

மச்சான் சிரிப்பது ஏட்டுக்குக் கேட்டது. “நான் பறந்ததப் பாத்துட்டு அத்தான் பூச்சாண்டி காட்டுறாருக்கா. வளைவுல இன்னிக்கு ஒரு தொந்தரவும் இல்ல. காலையில அவரே சொன்னாரு.”

“ஐயோ, சத்தியமாடி! அவன் காதுல போனை வையி!” ஏட்டு நடுச்சாலையில் ஓடத் தொடங்கியிருந்தார்.

“இருங்க, குடுக்கறேன்” என்றவள் அடுத்த நொடி “தம்பீ!” என்று அலறினாள். பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

“நான்தான் சொன்னேன், பாவி, நான்தான் சொன்னேன்” என்று செத்துப்போன போனுக்குள் கத்தியபடியே அவர் ஓடினார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.