ஆட்சேபணை இல்லை

"எழில்மொழி இருக்காங்களா?" என்று தொலைபேசியில் ஒரு பெண்குரல் கேட்டபோது பீம்ராவ் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

கீழே தண்ணீர் லாரி வந்திருந்தது. அந்த வருஷம் சென்னையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்று பிளாக் பெண்களும் பிளாஸ்டிக் குடங்களோடு லாரியைச் சூழ்ந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் மனைவி எழில்மொழியும் இருந்தாள். ஜன்னலில் தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் மேலே வந்துவிடுவாள்.

"நான் அவங்க ஹஸ்பெண்ட். சொல்லுங்க."

தரமணிக்கு அப்பால் இருந்த பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயரைச் சொன்னாள் அந்தப் பெண். "டெக்னிக்கல் ரவுண்ட்ல ரொம்ப நல்லா பண்ணியிருந்தாங்க சார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஃபைனல். வரச் சொல்லிடுங்க."

ரொம்ப நல்லா. அந்தச் சொல்தான் அவனைக் குத்தியது.

"அவங்க வர முடியாதுங்க. மாசமா இருக்காங்க. டாக்டர் ரெஸ்ட்டுல இருக்கச் சொல்லிட்டாரு."

இதைச் சொல்லப்போகிறோம் என்று அந்த நிமிஷம் வரை அவனுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"ஓ, கங்கிராட்ஸ் சார்! அப்ப ஃபைலை க்ளோஸ் பண்ணிடறோம்."

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பை மூடிவிட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுமுனையில் இருந்தவளும் ஒரு பெண்தான். அவளுக்கும் புருஷன் சொன்னதே போதுமானதாக இருந்தது.

இடுப்பில் குடமும் நனைந்த புடவையுமாக எழில்மொழி படியேறி வந்தாள். "யாருய்யா போன்ல?"

"ராங் நம்பரு."

இருவரும் ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கப்பல் சரக்குக்குக் காகிதம் போடும் ஏஜென்டுகளுக்குக் கணினியில் பில் போடும் புரோகிராம் எழுதித் தரும் கம்பெனி. எட்டுப் பேர், நாலு மின்விசிறி. அவனுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சம்பளம், அவளுக்கு ஐயாயிரம். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு சம்பளம் என்று இருவருமே கேட்டதில்லை.

இதிலேயே கிடந்தால் இப்படியேதான் முடியும், ஜாவா படித்துக்கொண்டு பெரிய கம்பெனிக்குத் தாவிவிட வேண்டும் என்று முதலில் சொன்னவன் பீம்ராவ்தான். புரசைவாக்கத்தில் மாலை வகுப்பு. ஒருவருக்குத்தான் பணம் கட்ட முடிந்தது.

"நீ போய்ப் படிய்யா. வந்து எனுக்குச் சொல்லிக்குடு" என்றாள் எழில்மொழி.

அவன் வகுப்புக்குப் போனான். அவள் அவனுடைய நோட்டைக் காப்பி எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். குழம்பு கொதிக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அவன் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. வீட்டில் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்றவள் சாம்பார்க் கரண்டியாலேயே சுட்டிக் காட்டினாள். "இந்த லைனு தப்பா கீது பாரு." மாற்றினான். மறுநாள் ஆபீஸில் ஓடியது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெரிய கம்பெனியில் எழுத்துத் தேர்வில் அவன் தேறினான். நேர்முகத்தில் ஒருவர் கேட்டார், "வீடு எங்க?"

"வியாசர்பாடி சார்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அப்பா என்ன பண்றார்?"

"துறைமுகத்துல மூட்டை இறக்கிகினு... இறக்கிட்டு இருந்தாரு சார்."

தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். சொல்லவே இல்லை. "ஒரே கேள்வில என்ன வெளிய தள்ளிட்டான் எழிலு" என்று அவன் அழுதபோது அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டவள் அவள்தான்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பெனிக்கு அவள் போனாள். திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். "என்னையும் வீடு எங்கன்னு கேட்டாங்கய்யா. வியாசர்பாடி, ஃபுட்பால் ஆடற ஊருன்னேன். சிரிச்சிட்டாங்க."

அவனுக்குச் சாத்திய கதவு அவளுக்கு எப்படித் திறக்கலாம்? அதிகாரி வேறாக இருக்கலாம், நேரம் வேறாக இருக்கலாம். இதெல்லாம் அவன் மனசுக்கு ஏறவில்லை. போதாக்குறைக்கு அவன் அப்பா வரதன் டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டிருந்தார். "எம் மருமவ பூந்துட்டான்னு வெச்சுக்கோ, மாசம் இருவத்திரண்டாயிரம்!" மகன் எழுத்துத் தேர்வில் தேறியபோது இதே அப்பா "பாப்போம், பாப்போம்" என்று மட்டும்தான் சொன்னார். டீ ஆற்றுகிறவன் பீம்ராவைப் பார்த்துக் கண்ணடித்தான். "இன்னா பீமு, இனிமே வூட்டுல சோறாக்கறது நீதானா?" பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த வாய் வீடுவரை கசந்தது.

சனிக்கிழமை வந்து போனது. தொலைபேசி மணி அடித்தாலே எழில்மொழி ஓடிப்போய் எடுத்தாள். அவள் முகம் வாட வாட அவனுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

"விடு எழிலு" என்றான் ஞாயிற்றுக்கிழமை. "அவனுங்க அப்டித்தான். நம்ம ஏரியா பேரக் கேட்டாலே ஆவாது அவனுங்களுக்கு."

"உனுக்குப் பண்ணதயே எனுக்கும் பண்ணிட்டாங்களாய்யா?" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. தனக்கு நடந்த அநியாயத்தைத் தன் பொய்க்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, அவன் அவள் கையைத் தடவிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாக்களைத் திறக்கும் நேரத்தில், கூட வேலை செய்யும் ஹஃப்சா ஒரு ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். தண்டையார்பேட்டைப் பெண். அவளும் அந்தப் பெரிய கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தாள்.

"எனுக்கு வேல கெடச்சிருச்சு எழிலு! உனுக்குத்தான் டபுள் ஸ்வீட்டு. மாசமா கீறியாமே? எங்கிட்டகூட சொல்லல பாரு!"

எழில்மொழி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொன்னா?"

"சனிக்கெழம அங்க எச்.ஆர். மேடம் சொன்னாங்க. உங்க கம்பெனிலேர்ந்து இன்னொருத்தரும் வரவேண்டியது, பாவம், ரெஸ்ட்டுல இருக்காங்களாம்னு. அண்ணன்தான் போன்ல சொன்னாராம். இல்லண்ணே?"

பீம்ராவ் டப்பாவில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எழில்மொழி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஹஃப்சாவின் வாயில் ஊட்டினாள். "நல்லா இருடி" என்றாள். திரும்பிப் போய்க் கணினி முன் உட்கார்ந்து ஆறு மணிவரை வேலை செய்தாள்.

வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. இருவரும் லாரிகளின் ஓரமாக நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்கள்.

"கல்யாணமாகி மூணு வருசம்யா" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு மாசமும் அந்த ஒரு வார்த்தய உங்கிட்ட சொல்லணும்னு நான் எப்டிக் காத்துகினு இருந்தேன்னு உனுக்குத் தெரியும். அத்தப் போயி எவகிட்டயோ போன்ல சொல்லி, என் வேலயக் கெடுத்திருக்கியே. வேற பொய்யே கெடைக்கலயா உனுக்கு?"

அவன் வராத பஸ்ஸை எட்டிப் பார்த்தான்.

"ஏன்யா சொன்ன?"

"தெர்ல."

"எனுக்குத் தெரியும். நாளைக்கு லீவு போடு. நீ சொன்ன பொய்ய நீயே வந்து எடு."

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கண்ணாடிக் கட்டிடம். வாசலிலேயே குளிர்க்காற்று முகத்தில் அடித்தது. அந்த எச்.ஆர். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பீம்ராவ் எதிரே உட்கார்ந்து, மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னான்.

"அவ மாசமா இல்ல மேடம். நான் பொய் சொன்னேன்."

"ஏன் சார்?"

எழில்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு உதவி செய்ய அங்கே யாரும் இல்லை.

"பொறாமை மேடம்" என்றான். "இதே எடத்துல எனக்கு வேலை கெடைக்கல."

அந்தப் பெண் எழுந்து போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். அவர் ஊரில்தான் இருக்கிறார், இப்போதே பார்க்கிறாராம் என்றாள். எழில்மொழி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஒன்றரை மணி நேரம் அவன் வரவேற்பு அறையில் காத்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தன் வயதுப் பையன்கள் காபிக் கோப்பையோடு கடந்து போனார்கள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் 'தோத்துட்டு வரட்டும்' என்றுதான் உள்ளே ஏதோ சொன்னது. அதை அதட்டி அடக்கினான். மறுபடி கதவு திறந்தது, மறுபடி அதுவே சொன்னது.

கடைசியில் எச்.ஆர். பெண் அவனையும் உள்ளே கூப்பிட்டாள். எழில்மொழிக்கு எதிரே ஒரு கவர் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கங்கிராட்ஸ். ஒரு சின்ன ஃபார்மாலிட்டி இருக்கு" என்றாள் அந்தப் பெண். "மாசத்துல ரெண்டு வாரம் நைட் ஷிஃப்ட். கல்யாணமானவங்கன்னா ஹஸ்பெண்ட்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கறது எங்க வழக்கம். நல்ல வேளை, சாரும் கூடவே வந்திருக்காரு."



"இவருகிட்டயா?" என்றாள் எழில்மொழி. "காலைல இவர் என்ன சொன்னாருன்னு கேட்டீங்கல்ல மேடம்?"

"கேட்டேம்மா. ஆனா ரூல்..."

"ஹஃப்சாவுக்குக் கல்யாணம் ஆகலையே. அவ யார்கிட்ட வாங்கினா?"

"அவங்க ஃபாதர்கிட்ட."

"ஆம்பளைங்க யார்கிட்ட வாங்குவாங்க?"

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் வைத்தாள். பீம்ராவ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இத்தனை நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது அந்தத் தாளைக் கண்டதும் சட்டென்று ஓய்ந்து, ஒரு பெருந்தன்மை வந்தது. எழுதிக் கொடுத்துவிடுவான். தாராளமாக எழுதிக் கொடுப்பான். பேனாவுக்காகக் கையை நீட்டினான்.

எழில்மொழி பேனாவை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டு, திருப்பி அந்தப் பெண்ணிடம் தள்ளினாள்.

'நான் இரவு நேரத்தில் வேலை செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழில்மொழி.'

"இதுல சார் கையெழுத்து இல்லையேம்மா."

"கண்ணு முழிக்கப்போறது நான்தானே மேடம்."

அந்தப் பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சேர்றப்போ எங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்தார்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு தாளில் இரண்டு துளை போட்டு ஃபைலில் கோத்தாள்.

பீம்ராவின் கை இன்னும் மேஜைமேல் நீண்டபடியே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.